மீன் துண்டு உடையாமல் வறுபட: வாசகர் கேள்வி – பதில்

மலைமேல் மழையும் மூடுபனியும் தொடங்கிவிட்டால் சமையல் பகுதிக்கு வரும் கடிதங்கள் கூடிவிடுகின்றன. இம்முறை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: முள்ளெடுத்த மென்மையான மீன் துண்டுகள் கல்லில் ஒட்டிக்கொள்கின்றன, திருப்பினால் சிதறுகின்றன. எனவே இந்த இதழின் பதில்கள் அனைத்தும் மீனுக்கே. ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி (குன்னூர் வாசகி): கொடுவா மீனைக் கடையிலேயே முள் நீக்கி, தோலோடு நீளத் துண்டங்களாக வாங்குகிறேன். மாமியார் காலத்து இரும்புத் தோசைக்கல்லில் தாராளமாக எண்ணெய் விட்டுத்தான் வறுக்கிறேன். இருந்தும் முதல் பக்கம் கல்லோடு போய்விடுகிறது. தட்டுக்கு வருவது வறுவல் அல்ல, புட்டு. கல்லை மாற்ற வேண்டுமா, எண்ணெயைக் கூட்ட வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பல ஆண்டுகள் தோசை வார்த்துப் பழகிய இரும்புக் கல்லைவிட இந்த வேலைக்கு நல்ல பாத்திரம் கிடைப்பது அரிது. குறை ஈரத்திலும் அவசரத்திலும் இருக்கிறது.

ஆட்டுக்கறியின் நார்களைப் பிணைத்திருக்கும் சவ்வு இளக நெடுநேரம் வேக வேண்டியிருக்கிறது. மீனின் சதையோ குட்டையான அடுக்குகளாக அமைந்தது. அந்த அடுக்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சவ்வு 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இளகிவிடுகிறது. அதாவது மீன் வெந்து முடியும் தறுவாயில் அதன் அடுக்குகளைப் பிடித்துவைக்க உள்ளே ஒன்றுமில்லை. நடுமுள்ளோடு குறுக்கே வெட்டிய வஞ்சிரத் துண்டுக்கு முள்ளும் சுற்றித் தோலும் காவல் இருப்பதால் அது நம் முரட்டுத்தனத்தைத் தாங்கிக்கொள்கிறது. முள்ளெடுத்த துண்டத்துக்கு அந்தக் காவல் கிடையாது. அதற்கு வலு வரவேண்டுமானால் அடிப்பக்கத்தில் பொன்னிறமான, காய்ந்த, மொறுமொறுப்பான ஒரு பொருக்கு உருவாக வேண்டும். அந்தப் பொருக்கு ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேலேதான் நன்றாகப் பிடிக்கும். மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அங்கே வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டாது என்பதால், ஈரமான மீன் கல்லில் வறுபடுவதில்லை, தன் நீரிலேயே அவிகிறது. பச்சைச் சதையின் புரதம் சூடான இரும்பைத் தொட்டதும் அதைப் பற்றிக்கொள்ளும். காய்ந்து சிவந்த பிறகு பிடியைத் தானாகவே தளர்த்தும். அந்தத் தளர்ச்சி வருவதற்கு முன் திருப்பியைச் செருகுகிறவர்களுக்குத்தான் பாதி மீன் கல்லிலேயே தங்கிவிடுகிறது.

ஆகவே வறுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே துண்டுகளில் உப்பைத் தடவி வையுங்கள். உப்பு வெளியே இழுக்கும் நீரைச் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தோல் பக்கத்தைக் கத்தியின் முதுகால் மெல்ல வழித்தால் செதில் குழிகளில் நின்ற நீரும் வழுவழுப்பும் திரண்டு வரும். அதையும் துடைத்துவிட்டு, கல்லில் போடுவதற்குச் சற்று முன்பு இன்னொரு முறை ஒற்றிக்கொள்ளுங்கள். வெறும் கல்லை நடுத்தரத் தீயில் நன்றாகச் சூடாக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அது நெளிநெளியாக ஓடத் தொடங்கியதும், புகை கிளம்புவதற்கு முன்பாக, தோல் பக்கம் கீழே இருக்கும்படி துண்டை உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து இடுங்கள். தோல் சூட்டில் சுருங்கித் துண்டை வில்லாக வளைக்கும் என்பதால் தட்டையான திருப்பியால் கால் நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு தீயைச் சற்றுத் தணித்துவிட்டு, கையை எடுத்துவிடுங்கள்.

இதற்குப் பின் செய்ய வேண்டியது பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே. கண்ணாடிபோல் மங்கலாக இருந்த சதை கீழிருந்து மேலாக வெளுத்துக்கொண்டு வருவது பக்கவாட்டில் தெரியும். அந்த வெண்மை முக்கால் உயரத்துக்கு ஏறியதும் விளிம்பைத் திருப்பியால் லேசாக நெம்பிப் பாருங்கள். துண்டு நகர்ந்தால் பக்குவம். நகரவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம் விட்டுவிடுங்கள். மெல்லிய விளிம்புள்ள திருப்பியை முழுநீளத்துக்கு அடியில் செலுத்தி, இன்னொரு கரண்டியால் மேலே தாங்கியபடி ஒரே ஒரு முறை திருப்ப வேண்டும். மறுபக்கத்துக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போதும். இரு பக்கமும் சமமாகச் சிவக்க வேண்டும் என்ற ஆசையை இந்த வகை மீனில் விட்டுவிடுவது நல்லது. சதைப்பக்கம் சிவக்கும்வரை காத்திருந்தால் துண்டு உலர்ந்து சக்கையாகிவிடும்.

கேள்வி (ஊட்டியிலிருந்து, பணி ஓய்வுபெற்ற வாசகர்): இவ்வளவு உயரத்தில் பருப்பே குக்கர் இல்லாமல் வேகமாட்டேன் என்கிறது. மீன் வறுப்பதற்கும் உயரம் தடையாக இருக்கிறதா? என் மகள் சென்னையில் செய்யும் அதே முறையில் செய்தும் இங்கே அதே பதம் வரவில்லை.

பதில்: ஐயா, ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது என்பதால்தான் பருப்பு சண்டித்தனம் செய்கிறது. மீனின் கதை வேறு. அது 60 டிகிரியை ஒட்டியே வெந்துவிடும். அதை வறுக்கும் எண்ணெயின் சூட்டையும் உயரம் கட்டுப்படுத்துவதில்லை. மாவில் தோய்த்த கனமான துண்டுகளை எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரிப்பவர்களுக்கு மட்டும் வேறுபாடு தெரியும்: ஈரம் சீக்கிரமே வெளியேறுவதால், உள்ளே வேகுமுன் வெளிப்புறம் கறுத்துவிடும், அவர்கள் எண்ணெயின் சூட்டைச் சமவெளியில் வைப்பதைவிட ஒரு 10 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். கல்லில் வறுக்கும் மெல்லிய துண்டுக்கு இந்தக் கவலை அநேகமாகத் தேவையில்லை.

உங்கள் இடையூறு உயரம் அல்ல, குளிர் என்றே நினைக்கிறேன். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்கு வெளியே நிற்கும் எரிவாயு சிலிண்டரில் அழுத்தம் குறைந்து தீ இளைத்துவிடுகிறது. கனமான இரும்புக் கல் சூடேற மகள் வீட்டில் ஆகும் நேரத்தைவிடக் கூடுதலான நேரம் ஆகும். கடிகாரத்தை நம்பாமல் எண்ணெயின் நெளிவை நம்புங்கள். நான்கு துண்டுகளை ஒரே சமயத்தில் அடுக்கினால் கல்லின் சூடு இறங்கிவிடும். இரண்டிரண்டாகப் போடுவதே சரி. மூடுபனி நாளில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த துண்டின்மேல் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும் என்பதால், கடைசியாக ஒரு முறை துணியால் ஒற்றுவது உங்கள் ஊரில் கட்டாயம்.

எண்ணெயைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால் ஊட்டியில் அது பெரும்பாலும் கட்டியாகவே இருக்கும். கரண்டியால் வெட்டிப் போடும்போது அளவு தவறுவது இயல்பு, எனவே புட்டியை வெந்நீரில் நிறுத்தி உருக்கிக்கொண்டு அளந்து விடுங்கள். என்னைக் கேட்டால் மென்மையான மீனுக்குக் கடலை எண்ணெயே முதல் தேர்வு. சூட்டைத் தாங்கும், மீனின் மணத்தோடு போட்டி போடாது. நல்லெண்ணெயின் மணம் வஞ்சிரத்துக்குப் பொருந்தலாம், கிழங்கானை அது விழுங்கிவிடும். வெண்ணெய் சீக்கிரம் கருகும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் சேர்த்தால் போதும்.

கேள்வி (கோத்தகிரி வாசகி): உறையவைத்த பாசா மீன் துண்டுகளை வாங்கிவந்து, குளிர்காலம்தானே என்று சமையல் மேடையிலேயே வைத்து உருகவிடுகிறேன். கல்லில் போட்டதும் குளம்போல் தண்ணீர் விடுகிறது. காரணம் என்ன?

பதில்: உறையவைத்து விற்கும் துண்டுகளின்மேல் காற்றுப் படாமலிருக்க மெல்லிய பனிப்பூச்சு இருக்கும், சில தயாரிப்புகளில் சதை நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதற்காக பாஸ்பேட் உப்புகளும் சேர்க்கப்படுகின்றன. உறையில் உட்பொருள்களின் பட்டியலையும், பனி நீங்கலான நிகர எடையையும் பார்த்து வாங்குங்கள். வேகமாக உருகும்போது கிழிபட்ட திசுக்களிலிருந்து இன்னும் நீர் வடியும். முதல் நாள் இரவே துண்டுகளை ஒரு சல்லடையில் பரப்பி, அடியில் தட்டு வைத்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் நீர் தனியே இறங்கிவிடும். காற்று நீக்கி இறுக்கிய உறை என்றால் அதைக் கிழித்துவிட்டே உருகவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் மட்டும் வளரும் நஞ்சுக் கிருமிகளுக்கு இடம் கொடுக்கக் கூடாது. அவசரமென்றால் நீர் புகாத வேறு உறையில் போட்டுக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். மெல்லிய துண்டு அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் இளகிவிடும்.

சமையல் மேடையில் வைப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். கோத்தகிரியின் குளிர் நமக்குக் குளிர், கிருமிகளுக்கு அல்ல. ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்க, வெளியே கடுங்குளிர் அடிக்கும் நாளிலும் வீட்டுக்குள் 12, 15 டிகிரி இருப்பது சாதாரணம். அயிலை, சூரை போன்ற மீன்களில் இந்த அசட்டை இன்னும் ஆபத்தானது: சூடு கண்ட மீனில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகி, தடிப்பும் தலைவலியும் வரவழைக்கும், அது சமைத்தாலும் அழிவதில்லை.

பாசா தோல் நீக்கியே வருவதால் அதற்கு ஒரு செயற்கைத் தோல் வேண்டும். நன்றாக ஒற்றிய துண்டை அரிசி மாவில் புரட்டி, ஒட்டாத மாவைத் தட்டி உதிர்த்துவிட்டு, உடனே கல்லில் இடுங்கள். மாவு பூசி வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால், திரும்பி வரும்போது மாவு பசையாகியிருக்கும்.

கேள்வி (எமரால்டு பகுதி வாசகர்): உறவினர் ஒருவர் டிரவுட் மீன்கள் கொண்டுவந்து கொடுத்தார். செதிலே தெரியவில்லை; சதையும் ஒன்றில் வெள்ளையாகவும் இன்னொன்றில் இளஞ்சிவப்பாகவும் இருந்தது. இதைச் சுத்தம் செய்வது, வறுப்பது எப்படி?

பதில்: உங்கள் பக்கத்து மீனைப் பற்றி உங்களிடமிருந்தே கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. நீலகிரிக்கு வெளியிலிருந்து வந்த குளிர்நீர் மீன் இது, மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் 1907-ஆம் ஆண்டு அவலாஞ்சியில் அமைத்த குஞ்சு பொரிப்பகத்தின் வழியாகவே வானவில் டிரவுட் உங்கள் மலையோடைகளில் நிலைபெற்றது. சதையின் நிறம் அது தின்ற இரையைப் பொறுத்தது. கூனி வகை உயிரினங்களில் உள்ள நிறப்பொருள் சேர்ந்தால் சிவக்கும். இல்லாவிட்டால் வெண்மையாகவே இருக்கும். இரண்டும் நல்ல மீன்தான்.

செதில்கள் மிகச் சிறியவை, சுரண்டத் தேவையில்லை. கல்லுப்பைக் கையில் எடுத்து வழுவழுப்பு போகும்வரை தடவி, கழுவித் துடைத்தால் போதும். செவுளுக்குப் பின்னே சாய்வாக வெட்டி, நடுமுள்ளின்மேல் கத்தி படிந்து போகும்படி வாலை நோக்கி ஒரே இழுப்பில் அறுத்தால் பக்கத்துக்கு ஒரு துண்டம் கிடைக்கும். சதையின் நடுக்கோட்டில் தலைப்பக்கத்திலிருந்து விரலால் வருடினால் ஊசி முட்கள் தட்டுப்படும். புருவம் திருத்தும் சிறிய இடுக்கியால், முள் சாய்ந்திருக்கும் தலைப்பக்கமாகவே இழுத்து எடுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் சதை கிழியும்.

துண்டம் மெலிதாக இருப்பதால் தோல்பக்கம் இரண்டு நிமிடமும் சதைப்பக்கம் அரை நிமிடமும் தாராளம். இதன்மேல் மிளகாய்த்தூளைக் கொட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். உப்பும், இடித்த மிளகும், இறுதியில் ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் போதும். அதற்குமேல் செய்வதென்றால் டிரவுட் கிடைத்தும் பயனில்லை, ஜிலேபி மீனிலேயே செய்துகொள்ளலாம்.

கேள்வி (கொடைக்கானல் வாசகி): டிரவுட்டோ கொடுவாவோ, எங்கள் வீட்டில் மசாலா இல்லாத மீனைப் பத்தியச் சாப்பாடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்து ஊறவைத்தால் மசாலா கருகி, மீன் உடைகிறது. அத்தை, ‘நன்றாக ஊறவில்லை, இன்னும் இரண்டு மணி நேரம் ஊறவை’ என்கிறார்.

பதில்: முள்ளோடு வெட்டிய கனமான துண்டுக்கு உங்கள் அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெல்லிய துண்டத்துக்கு அதே முறை கேடு. எலுமிச்சையின் புளிப்பு சதையின் மேற்பரப்பைத் தீயில்லாமலேயே வெளுக்கச் செய்து, நேரம் ஆக ஆகச் சுண்ணாம்புப் பதமாக்கிவிடும். விழுதின் ஈரம் பொருக்குப் பிடிக்கவிடாது. அந்த ஈரம் வற்றுவதற்குள் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும்.

நான்கு துண்டுகளுக்கு ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், இரண்டு தேக்கரண்டி அரிசி மாவு ஆகியவற்றை உலர்ந்தபடியே கலந்து, முன்பே உப்பிட்டு ஒற்றிய துண்டின் சதைப்பக்கத்தில் மட்டும் மெல்லியதாகத் தூவுங்கள். தோல்பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். வறுபடும் நேரத்தின் பெரும்பகுதி தோல்பக்கத்துக்கே போவதால், தூளுக்குக் கல்லின் சூடு கடைசி ஒரு நிமிடம் மட்டுமே கிட்டும். அது மணக்கப் போதும், கருகப் போதாது. எலுமிச்சை பந்தியில் பிழிந்துகொள்வதற்கு.

வீட்டாருக்கு அதுவும் சப்பென்று இருந்தால், மீனை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் தீயைக் குறைத்து, நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு, தட்டிய பூண்டு ஆகியவற்றை வதக்கி, துண்டுகளின் ஓரமாகப் பரிமாறுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு உங்கள் ஊர்ச் சொத்தாயிற்றே. அதன் காரமும் மணமும் இதில் நன்றாக எடுபடும். பூண்டைக் கடைசியில் போட்டு, வெளிர்ப்பொன் நிறத்திலேயே இறக்குங்கள். ரவை தோய்ப்பதைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கனமான துண்டுக்கு ரவை அழகு; மெல்லிய துண்டில் வாய்க்கு ரவைதான் தெரியும்.

கேள்வி (ஊட்டி வாசகி): ஏரிக் கெண்டையை முள்ளெடுத்து இப்படி வறுக்க முடியுமா? சேற்று வாடையும் வருகிறதே.

பதில்: 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டையைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் சதைக்குள்ளேயே கவை வடிவில் மெல்லிய முட்கள் பதிந்திருப்பதால், நடுமுள்ளை எடுத்த பிறகும் துண்டம் முள்ளில்லாததாகிவிடாது. தோலை அறுக்காமல் சதையை மட்டும் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே கீறிவிட்டு வறுத்தால் சிறு முட்கள் துண்டுபட்டு எண்ணெயில் மொறுமொறுப்பாகிவிடும். இதற்கு எண்ணெயும் நேரமும் கூடுதலாக வேண்டும். சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். புளிப்பு அதைச் சிதைக்கும். மோரிலோ புளித்தண்ணீரிலோ கால் மணி நேரம் வைத்து, கழுவித் துடையுங்கள். ஆயினும் கெண்டை குழம்புக்கே உரிய மீன் என்பது என் கருத்து.

கேள்வி (கூடலூர் வாசகர்): உள்ளே வெந்துவிட்டதா என்று உடைக்காமல் அறிவது எப்படி?

பதில்: மெல்லிய கத்தி முனையைக் கனமான இடத்தில் செருகி, ஐந்து விநாடி வைத்து எடுத்து, கீழுதட்டில் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சிறிது வேண்டும், சுட்டால் வெந்துவிட்டது. அங்குலக் கனத்துக்கு 10 நிமிடம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதை முழுமையாகப் பின்பற்றினால் மென்மையான மீன் அளவுக்கு மீறி வெந்துவிடும்.

கேள்வி (லவ்டேல் வாசகி): நான்-ஸ்டிக் தவாவில் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், தோலில்லாத துண்டுகளுக்கு அதுவே எளிது. ஆனால் வெறும் தவாவைக் கடுந்தீயில் காயவிடக் கூடாது. அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். எண்ணெய் விட்டே அடுப்பில் ஏற்றுங்கள்; மரத் திருப்பியைப் பயன்படுத்துங்கள். இரும்புக் கல் கொடுக்கும் பொருக்கு இதில் வராது.

கேள்வி (பண்ணைக்காடு வாசகி): விருந்தினர் பத்துப் பேர் வருகிறார்கள். இரண்டிரண்டாக வறுத்தால் கடைசித் துண்டு வருவதற்குள் முதல் துண்டு ஆறிப்போகிறது. மூடிவைத்தால் நமுத்துவிடுகிறது.

பதில்: மூடி போட்டால் மீனின் ஆவி மேலே முட்டி மீண்டும் மீன்மேலேயே விழும், நமுக்காமல் என்ன செய்யும்? அகலமான தட்டைக் கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துச் சூடாக்குங்கள்; அதன்மேல் கம்பி வலையைப் பொருத்தி, வறுத்த துண்டுகளைத் தோல்பக்கம் மேலே இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். தட்டின் விளிம்பைத் தாண்டி ஆவி மேலே வராதபடி பாத்திரம் தட்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கொடைக்கானல் பக்கத்துக் குளிரில் இப்படிப் பத்து நிமிடம் வரை தாங்கும். இரண்டு அடுப்பில் இரண்டு கல் வைத்துக்கொண்டால் அந்த நேரத்துக்குள் பத்துத் துண்டுகளும் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கல்லில் உதிர்ந்த தூளைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிய எண்ணெய் விடுங்கள். வெங்காய, பூண்டு வதக்கலைக் கிண்ணத்தில் தனியாக வையுங்கள். துண்டின்மேல் ஊற்றிப் பந்திக்கு அனுப்பினால் அது இலைக்குப் போய்ச் சேருவதற்குள் தோல் இளகிவிடும்.